கூரை போட்ட பாலங்கள்

ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்குப் பாலம் என்பது வாசற்படி மாதிரி. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். திருச்சியில் பல் டாக்டரைப் பார்க்கப் போனாலும் சரி, சென்னைக்கு ரயிலேறினாலும் சரி, ஏதாவது ஒரு ஆற்றைத் தாண்டாமல் முடியாது. தாண்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் தாண்டிக்கொண்டிருப்போம். என் மனைவியும் அப்படித்தான் இருந்தாள். ஸ்கூட்டரில் போய்ப் பெரிய கடைவீதியில் வேண்டியதை வாங்கிக்கொண்டு, பால் பொங்குவதற்குள் திரும்பி வந்துவிடுகிற ஆள்.

போன வருஷம் ஆடி மாதத்தில், ஆறு இரு கரையும் தொட்டு ஓடிய ஒரு நாள், அவள் டவுன் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். நெரிசலில் பஸ் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. எதிர்ப்பக்கம் லாரி போகும்போதெல்லாம் அந்தப் பாலம் லேசாக அதிரும். எத்தனையோ வருஷமாக அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அன்றைக்கு அந்த அதிர்வு அவள் காலுக்குள் ஏறிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி நடைபாதையில் உட்கார்ந்து, கைப்பிடிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ ஒரு பெண்மணி அவள் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் போய்க் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டி வந்தேன். வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, சரியாகிவிட்டது என்றாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பாலத்தையும் மிதிக்கவில்லை.

முதலில் யாருக்கும் இது தெரியவில்லை. தீவுக்குள்ளேயே எல்லாம் கிடைக்கிறது. அக்கரை வேலைகள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சேர்ந்தன. கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பது என்று எல்லாவற்றுக்கும் நான் தனியாகப் போய் வந்தேன். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வேன். எந்த வீட்டில் என்ன உடம்பு என்று சொன்னோம் என்பதை மறக்காமல் இருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

எங்கள் பக்கத்து டாக்டரம்மா பரிசோதித்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, இது பயம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். சின்னச் சின்னப் பாலமாகப் பழகிக்கொண்டு வாருங்கள், அவசரப்படாதீர்கள், கூட ஒருவர் இருக்கட்டும் என்றார். என் மனைவி தலையாட்டிவிட்டு வந்தாள். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனது.

அப்போதுதான் மகள் உண்டானாள். அவளை ஜீயபுரத்தில் கொடுத்திருக்கிறோம். சம்மந்தி வீட்டார் வாழை விவசாயம், அதோடு வாழைத்தார் வியாபாரம். மாப்பிள்ளையின் அப்பா இல்லை. எல்லாவற்றையும் சம்மந்தியம்மாவே நின்று பார்த்துக்கொள்கிறார். எங்கள் வழக்கப்படி வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். பெண்ணைப் பெற்றவள் தட்டுகளோடு போய், தன் கையால் மகளுக்கு வளையல் அடுக்கி, அன்றைக்கே பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டி வர வேண்டும். சித்தியோ அத்தையோ அவளுக்குப் பதிலாகப் போகலாம்தான். பெற்றவள் உயிரோடு ஊரில் இருக்கும்போது யாரும் அப்படிப் போக மாட்டார்கள்.

நாள் குறிக்கச் சம்மந்தியம்மா போன் செய்தபோது, எடுத்தது என் அக்கா. அடுத்த தெருவில் இருக்கிறாள், பகல் முழுக்க எங்கள் வீட்டில். பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். தம்பி பெண்டாட்டியைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்திருப்பாள். என் மனைவி ரங்கத்தை விட்டு வெளியே காலடி வைப்பதில்லை என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள், விரதம் இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டாள்.

வேறு ஊராக இருந்தால் இது எடுபட்டிருக்காது. ஸ்ரீரங்கத்தில் எடுபடும். சாகும்வரை இரண்டு ஆற்றுக்கும் நடுவிலேயே இருப்பது என்று தீர்மானம் செய்துகொண்டு, மகன் கூப்பிட்டாலும் அமெரிக்கா போகாமல் இருப்பவர்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. சம்மந்தியம்மா, அவ்வளவு பெரிய விரதத்தைக் கெடுக்க வேண்டாம், பெண்ணை நாங்களே கொண்டுவந்து விடுகிறோம் என்றாராம். அவருடைய உறவில் யாரோ ரங்கநாதரைச் சேவிக்க வந்தபோது எங்கள் தெருவில் இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அதோடு என் மனைவி ஒரு சின்ன மகான் ஆகிவிட்டாள். பூக்காரம்மா ஒரு முழம் கூடுதலாகக் கொடுத்தார். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகும் பெண்ணை ஒருவர் ஆசீர்வாதத்துக்குக் கூட்டி வந்தார். இவளைப் பார்த்தால் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காத பக்கத்து வீட்டு மாமா, வாசலில் எழுந்து நின்று கைகூப்பினார்.

"க்ஷேத்ர வாசம்னா லேசுப்பட்ட காரியமா? எனக்கு வாய்க்கலை. உங்களுக்குத் தாயார் அனுக்ரஹம் பண்ணிருக்கா."

உள்ளே வந்ததும் என் மனைவி முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். "பயத்துக்காவது டாக்டர் வழி சொன்னாங்க. இந்த மரியாதைக்கு நான் யார்கிட்டப் போறது?" என்றாள். அக்கா, தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே, நீ வெளியே போவதில்லை என்பது உண்மைதானே என்றாள்.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"உனக்குப் பெருமாள்தான் முக்கியம்னா அவர் கூடவே இருந்துக்கம்மா. நான் இங்கயே பெத்துக்கறேன். அத்தை என்னை நல்லாத்தான் பாத்துக்கறாங்க."

போனை வைத்த பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னேன். மாட்டேன் என்றாள். மகளுக்கு அந்தக் காவிரிப் பாலத்தில்தான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். பின்னால் உட்கார்ந்துகொண்டு, என்ன பயம், நேராகப் பார் என்று அதட்டியவள் அவள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்ணிடம், இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? முதலில் தாண்ட முடிகிறதா பார்க்கிறேன், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாள். வளைகாப்புக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேலூரிலிருந்து மேற்கே முக்கொம்பு வரை தீவுக்குள்ளேயே சுற்றினேன். அந்தப் பக்கம் முழுக்க வாழையும் நெல்லும் வாய்க்கால்களும். சின்னப் பாலங்களைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டேன். பரீட்சைக்கு டைம்டேபிள் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். ஆனாலும் மறுக்கவில்லை. வரிசையில் கடைசி, முக்கொம்பில் காவிரியின் குறுக்கே இருக்கிற மதகுப் பாலம். அதைத் தாண்டினால் ஜீயபுரம் இருக்கிற கரை.

வண்டிதான் கேள்வியாக இருந்தது. நடுவில் படுத்துக்கொள்ள இடம் வேண்டும், திரை இழுத்துவிட வசதி வேண்டும், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. அக்காவும் வருவேன் என்றாள். அவளுக்கு முழங்கால் வலி, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். உறையூரில் ஒருவர் பழைய வேன் ஒன்றை வாங்கி அதில் கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, கழிப்பறை எல்லாம் தானே பொருத்தி வைத்திருந்தார். வயதானவர்களை நவக்கிரகக் கோயில்களுக்குக் கூட்டிப்போகிறவர்கள் அதை வாடகைக்கு எடுப்பார்களாம். அதைச் சொல்லி வைத்தேன்.

வண்டி காலையில் தெருவுக்குள் நுழைந்ததும் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. கூரையில் தண்ணீர்த் தொட்டியும் பக்கவாட்டில் ஏணியுமாக அது ஒரு குட்டி வீடே நகர்ந்து வருவது போலத்தான் இருந்தது. எங்கே என்று மாமா கேட்டார். தீவுக்குள்ளேயேதான் என்று அக்கா முந்திக்கொண்டாள். பிறகு ஏறி உட்கார்ந்து எல்லா இழுப்பறையையும் திறந்து பார்த்தாள், கழிப்பறைக் கதவைச் சாத்திப் பார்த்தாள், திருப்தியாகக் கட்டிலில் சாய்ந்தாள்.

டிரைவரிடம் பாலங்கள் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். மேலூர் தாண்டும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பொதுப்பணித்துறையா சார்?" என்றார். இல்லை, சும்மா பார்க்க என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கோயில் பார்க்கப் போகிறவர்களை ஏன் என்று யாராவது கேட்கிறார்களா என்ன.

முதல் பாலத்துக்குத் தகரக் கூரை உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஊர் அம்மன் சப்பரத்தில் வரும்போது அந்த வாய்க்காலின் மேல்தான் நின்று மண்டகப்படி ஏற்றுக்கொள்ளும். முன்பெல்லாம் ஒவ்வொரு வருஷமும் கீற்றுப் பந்தல் போட்டுப் பிரிப்பார்கள். வெளிநாட்டில் சம்பாதித்து வந்த ஒருவர் இரும்புக் குழாய் நட்டுத் தகரம் வேய்ந்து நிரந்தரமாக்கிவிட்டார். மீதி நாளெல்லாம் அங்கே ஆடுகள் படுத்திருக்கும்.

வண்டி ஒரு மரத்தடியில் நின்றது. நான் இறங்கிப் போய்ப் பாலத்தில் நின்றேன். கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வெகுநேரம் கழித்து அவள் இறங்கினாள். செருப்பைக் கழற்றினாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது, அம்மன் நிற்கிற இடம் என்பதாலோ என்னவோ. ஒரு காலை வைத்தாள், மறு காலையும் வைத்தாள். நடுவரை வந்து ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கீழே புல்லைச் சாய்த்துக்கொண்டு ஓடியது. ஆடு ஒன்று எழுந்து அவளுக்கு இடம் விட்டு வேறு பக்கம் படுத்தது.

"இது பாலம் மாதிரியே இல்லைங்க. யார் வீட்டு வாசலோ மாதிரி இருக்கு."

டிரைவர் வேனிலேயே காபி போட்டுக் கொண்டுவந்தார். நாங்கள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து குடித்தோம். அக்கா, வண்டியிலிருந்தே ஜன்னல் வழியாகத் தன் தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது, ஒரு தோட்டத்துக்குப் போகிற ஒற்றைக்கல் பாலம். பாலத்தின் இரண்டு பக்கமும் கொம்பு நட்டு, மேலே கம்பி இழுத்து, தோட்டக்காரம்மா பீர்க்கங்கொடி ஏற்றியிருந்தார். வாய்க்கால் ஈரம் பந்தலுக்கு நல்லது, பூச்சியும் குறைவு என்றார். நாங்கள் பாலம் பார்க்க வந்தோம் என்றதும் அவருக்குச் சிரிப்பு.

"இதுல பாக்க என்ன இருக்கு? தொங்குறதைப் பறிச்சுக்கிட்டுப் போங்க, குழம்புக்காவது ஆகும்."

என் மனைவி பறித்தாள். இலைக்கூரைக்குக் கீழே போவதும் வருவதுமாக இருந்தாள். ஒரு காய் தண்ணீர்ப் பக்கமாக வெளியே தொங்கியது. அதை எட்டிப் பறிக்க, ஒரு கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேல் சாய்ந்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அவள் காலை உள்ளே இழுத்துக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது.

மூன்றாவது பாலம் லாரி போகுமளவு அகலம். அதன் ஒரு பாதிக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாழைத்தார் வெட்டும் நாளில் வெயில் படாமல் அடுக்கி வைக்க வியாபாரிகள் போட்டது. அன்றைக்கு அங்கே யாரும் இல்லை, வாழைச்சருகும் கயிற்றுத் துண்டுகளும் கிடந்தன. கூரை இருந்த பாதியை அவள் சாதாரணமாகக் கடந்தாள். நிழல் முடிந்து வெயில் தொடங்குகிற கோட்டில் நின்றுவிட்டாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. உதடு வெளுத்தது. எனக்குப் போன வருஷத்து நடைபாதை ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா இதற்குள் மெதுவாக இறங்கி வந்திருந்தாள். அவள் கேட்டதுதான் அன்றைக்கு யாரும் கேட்காத கேள்வி. "உனக்குத் தண்ணியப் பாத்துப் பயமா, வானத்தைப் பாத்துப் பயமாம்மா? மொதல்ல அதைச் சொல்லு."

என் மனைவி யோசித்தாள். "ரெண்டும் இல்ல அண்ணி. ரெண்டுக்கும் நடுவுல நான் மட்டும் நிக்கறேன்ல, அதுக்கு."

அந்த இடத்திலிருந்து திரும்பிவிட்டோம். டைம்டேபிளில் அடுத்து இன்னும் இரண்டு பாலங்கள் இருந்தன, இரண்டும் திறந்தவெளி. அவற்றைப் பற்றி நான் பேசவில்லை. புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். புளியோதரை, தயிர்சாதம், அப்பளம். சாப்பிட்டதும் அக்காவும் அவளும் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். டிரைவர் ஸ்டீயரிங்கில் துண்டை விரித்துத் தலை சாய்த்துக்கொண்டார். நான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு இது போதும், மிச்சத்தைச் சம்மந்தியிடம் எப்படியாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். வளையலை நான் அடுக்கக் கூடாதா, யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்றுகூட யோசனை போனது.

அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, முக்கொம்புக்குப் போகலாம் என்றாள். படுத்துக்கொண்டே போய்விடுகிறேன், திரையை இழுத்துவிடுங்கள், மேலேதான் கூரை இருக்கிறதே என்றாள்.

நல்ல யோசனைதான். ஆனால் மதகுப் பாலத்தின் முகப்பில், உயரமான வண்டிகள் போகாதபடி குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் வைத்திருந்தார்கள். நான் ஸ்கூட்டரில் வந்து பார்த்தபோது அது என் கண்ணில் படவே இல்லை. டிரைவர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். தண்ணீர்த் தொட்டி இடிக்கும் என்றார். வேண்டுமானால் வந்த வழியே திரும்பி, திருச்சிப் பாலத்தைத் தாண்டி, கரூர் ரோடு வழியாக அக்கரைக்கு வந்து நிற்கிறேன் என்றார். அந்தச் சுற்றில் அவளையும் கூட்டிப்போவது என்றால் அது அந்தப் பழைய பாலம். அவள் அதற்குத் தலையை மட்டும் அசைத்தாள், முடியாது என்று.

பாலத்தைப் பார்த்தாள். மதகுகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. திறந்திருந்த சில மதகுகளின் வழியே தண்ணீர் இரைந்துகொண்டு விழுந்தது. நீர்க்காகங்கள் சுவரில் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன.

"நீங்க அண்ணியக் கூட்டிக்கிட்டுச் சுத்தி வாங்க," என்று டிரைவரிடம் சொன்னாள். பிறகு வண்டிக்குள் போய்க் கதவு இடுக்கில் செருகியிருந்த என் குடையை எடுத்து வந்தாள். வேன் திரும்பிப் போனது. அக்கா பின் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டு போனாள். இனி வண்டி இல்லை, திரும்பி ஓடிப்போய்ப் படுக்கக் கட்டிலும் இல்லை.

அவள் குடையை விரித்து மிகவும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தன் பாதமும் அதற்கு முன்னால் கொஞ்சம் தரையும் மட்டும்தான் தெரிந்திருக்கும். என்னை முன்னால் நடக்கச் சொன்னாள். பேசாதீர்கள் என்றாள். கொஞ்ச தூரம் போனதும் ஏதாவது பேசுங்கள் என்றாள். வீட்டில் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொல்லியாயிற்று என்று குடைக்குள்ளிருந்து பதில் வந்தது.

நடுவை நெருங்கியபோது காற்று மாறியது. ஆற்றின் மேல் நீளவாக்கில் வருகிற காற்று, அதற்குத் தடையே இல்லை. ஒரே வீச்சில் குடை மேல்பக்கமாக மடங்கிக்கொண்டது. நான் திரும்பினேன். அவள் தலைக்கு மேல் கூரையும் இல்லை, இலையும் இல்லை. கையில் தலைகீழாக விரிந்த குடை மட்டும்.

உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் குடையைப் பார்த்தாள்.

"இதை எங்க வாங்கினீங்க?"

கடைவீதியில் என்றேன்.

"எந்தக் கடையில? நான் எப்பவும் வாங்குற கடையிலயா?"

அந்தக் கடையில் கூட்டமாக இருந்தது, வெளியே தள்ளுவண்டியில் வாங்கினேன் என்றேன். அவ்வளவுதான். ஒரு வருஷமாக நான் அக்கரையிலிருந்து வாங்கி வந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சாயம் போன துண்டு, கசந்த எள், மூடி பொருந்தாத டப்பா. ஒரு கையால் குடையை நிமிர்த்தப் போராடிக்கொண்டே அவள் பேசினாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை, எள்ளை அவள் ருசி பார்த்துத்தான் டப்பாவில் கொட்டினாள் என்றேன். பேசிக்கொண்டே நடந்தோம். ஒரு கம்பி முறிந்தது. முறிந்த கம்பியை என்னிடம் காட்டுவதற்காகத்தான் நிமிர்ந்தாள். நிமிர்ந்தபோது எங்களுக்கு எதிரே ஓர் அம்மா சட்டியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். பாலம் பின்னால் போய்விட்டிருந்தது.

அவள் அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். முகத்தைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன். ஒரு துண்டு விடாமல் தின்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் மூச்சைச் சரியாக விட்டேன் என்று நினைக்கிறேன்.

"இங்க வரைக்கும் வந்தாச்சு. பாப்பாவப் பாத்துட்டுப் போயிடலாங்க" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் ஜீயபுரம் போய் இறங்கினோம். டிரைவருக்கும் போன் செய்து நேராக அங்கேயே வரச் சொன்னேன். சம்மந்தியம்மா கொல்லையில் தார்களுக்கு நடுவே நின்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையிலிருந்த அரிவாளைக் கீழே போட்டுவிட்டார். முகத்தில் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. ஐயோ, எங்களுக்காக விரதத்தை விட்டுவிட்டீர்களா, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் இது பாவமாகாதா என்று பதறினார். அதற்குள் மகள் வாசலுக்கு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயும் கூப்பிடவில்லை, பக்கத்திலும் வரவில்லை.

என் மனைவி மகளைப் பார்த்துக்கொண்டு சம்மந்திக்குப் பதில் சொன்னாள்.

"விரதமெல்லாம் எதுவும் இல்லைங்க சம்மந்தி. எனக்குப் பாலத்துல போகப் பயம். ஒரு வருஷமா தாண்டல. வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

சம்மந்தியம்மா அவளையே பார்த்தார். பிறகு அங்கே கவிழ்த்து வைத்திருந்த கூடையின் மேல் உட்கார்ந்தார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"பயந்தானா? பயந்தானாங்க? நான் என்னென்னவோ நினைச்சுக்கிட்டேன். ரங்கத்துக்காரங்க, நாங்க வாழைக்கொல்லையில கெடக்கறவங்க, எங்க வீட்டு வாசப்படி ஏறப் புடிக்காம சாமி பேரைச் சொல்றீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

எங்களுக்கு இது தோன்றவே இல்லை. தெருவில் அத்தனை பேர் கைகூப்பியபோது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அதே சொல்லைக் கேட்டு ஒருவர் மனம் சுருங்கிக் கிடந்திருக்கிறார். என் மனைவி போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வாழைப்பால் கறை படிந்த அந்தத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

மகள் அப்போதுதான் நகர்ந்து வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னம்மா?"

"உன்னை அந்தப் பாலத்துல வச்சு எவ்வளவு திட்டியிருக்கேன்."

"அதான் கேக்கறேன். நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்ல."

உள்ளே போய்க் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வேன் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். பாவம், திருச்சி நெரிசலில் சிக்கி, வழியெல்லாம் ஒரு கதையைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள். நான் கண் ஜாடை காட்டுவதற்குள் தொடங்கிவிட்டாள். விரதத்தைச் சும்மா விடவில்லை, பெருமாள் சந்நிதியில் பூப்போட்டுப் பார்த்தோம், வெள்ளைப் பூ வந்தது, அப்புறம் பெரியவர் ஒருவரிடம் கேட்டோம், மகப்பேற்றுக்காகத் தாண்டினால் தாண்டின கணக்கே இல்லை, அதுவும் நடந்து தாண்டினால் கேட்கவே வேண்டாம் என்று சொன்னார் என்று விஸ்தாரமாகச் சொன்னாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சம்மந்தியம்மா கடைசிவரை பக்தியோடு கேட்டார்.

"வேன்ல உக்காந்து தாண்டுனா என்ன கணக்குங்க?" என்றார்.

"அது பாதிக் கணக்கு," என்றாள் அக்கா.

அவ்வளவு நேரம் அடக்கியிருந்த மகளால் முடியவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு இழுக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் அக்காவுக்குக் கோபம். உண்மையைச் சொல்வதாக இருந்தால் எனக்கு ஒரு போன் செய்யக் கூடாதா, அந்தப் பெரியவரையாவது நான் உண்டாக்காமல் இருந்திருப்பேனே என்றாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை எங்களைத் தார் ஏற்றுகிற தன் குட்டியானை வண்டியில் ஏற்றி மதகுப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் கொண்டுவந்து விட்டார். சம்மந்தியம்மாவும் கூட வந்தார். வரத் தேவையே இல்லை, அடுப்பில் உலை வைத்தபடி கிளம்பிவிட்டார். பின்னால் பலகையில் என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, வளைகாப்புக்கு யாரை அழைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதில் பாதிப் பேரை அவரே பிறகு அழைத்திருந்தார்.

பக்கத்து வீட்டு மாமாவிடம் என் மனைவியே போய் உண்மையைச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, தனக்கும் லிஃப்டில் ஏறப் பயம் என்றார். பூக்காரம்மா மட்டும் நம்பவில்லை. இன்னமும் ஒரு முழம் கூடுதலாகத்தான் கொடுக்கிறார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வளைகாப்பன்றைக்கும் நாங்கள் முக்கொம்பு வழியாகச் சுற்றித்தான் போனோம். கிட்டத்தில் பெரிய பாலம் இருக்க இத்தனை தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஏன் இந்தச் சுற்று என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் மறைக்காமல் சொன்னாள். மகளைப் பலகையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையலை அவள்தான் அடுக்கினாள்.

திரும்பும்போது காரில் பின் இருக்கையில் அம்மாவும் மகளும், முன்னால் நான். மதகுப் பாலத்தில் ஏறியதும் என் மனைவி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுகுவது வளையல் சத்தத்திலேயே தெரிந்தது.

"அம்மா, வளையல் அழுத்துது."

"பொறு. பாலம் முடியட்டும்."

மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.